ஆட்டிசம்–ஏடிஹெச்டி இணைவு: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம்

ஆட்டிசமும், ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு–மிகைச்செயல்பாட்டுக் குறைபாடும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதே இந்த இணைவு. ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 28 சதவீதத்தினருக்கு ஏடிஹெச்டியும் உண்டு என்று 2019இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. ஆனால் அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கத்தின் கையேடு, இரண்டையும் ஒருவருக்கே எழுத 2013 வரை இடம் தரவில்லை. அவ்வாண்டு மே மாதம் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் தடை நீங்கியது.

ஆட்டிசம் நேற்றுப்போலவே இன்றும் இருக்கக் கேட்கும். ஏடிஹெச்டிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. இரண்டும் உள்ள பிள்ளை பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்கத் தொடங்கிப் பாதியில் எழுந்து ஓடும். அதற்குள் யாராவது ஒரு காரை நகர்த்திவிட்டால் வீறிடும். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் பல வீடுகளின் நேரத்தைத் தொழிற்சாலை ஷிப்டுதான் முடிவுசெய்கிறது. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் ஒற்றை அறை வாடகை வீட்டில் பகலெல்லாம் சத்தம் கூடாது. சாப்பாடும் தூக்கமும் முன்பின்னாகும். நேற்றுப்போலவே இன்றும் வேண்டும் பிள்ளைக்கு இது கடினம். அன்றைய வேலைகளை வரிசையாகக் காட்டும் பட அட்டவணை ஒன்றை மட்டும் இங்கே சுவரில் ஒட்டினால் போதாது, ஷிப்டுக்கு ஒன்று வேண்டும். வேலைக்காக வந்து குடியேறிய வடமாநிலக் குடும்பங்களில், இரண்டு மொழி காதில் விழுவதால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுண்டு. பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை.

அரசு ஏட்டில் இந்த இணைவு பாதிதான் தெரிகிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் தேசியச் சிறார் நலத் திட்டக் குழு (2013) பரிசோதிக்கும் நிலைகளில் ஏடிஹெச்டியும் அடக்கம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளிலோ இவ்விரண்டில் ஆட்டிசம் மட்டுமே உண்டு. சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவையில் 40 கேள்விகள். 70 புள்ளியிலிருந்து ஆட்டிசம். கேள்விகளுள் ஒன்று துறுதுறுப்பைப் பற்றியது. ஆக, ஏடிஹெச்டி ஆட்டிசப் புள்ளியைக் கூட்டுமே தவிர, சான்றிதழில் தன் பெயரில் பதிவாகாது. சட்டத்தின் இந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டியது.

ஏடிஹெச்டி மட்டும் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் மருந்திலும் வேறுபாடு உண்டு. ஆட்டிசமும் மிகைச்செயல்பாடும் உள்ள 72 பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டி மருந்தான மெத்தில்ஃபெனிடேட் கொடுத்த அமெரிக்க ஆய்வில் (2005) 49 சதவீதத்தினருக்கே பலன் தெரிந்தது. 18 சதவீதத்தினர் பக்கவிளைவால் நிறுத்தினர். இந்தியாவில் இது கட்டுப்பாடு மிகுந்த ‘அட்டவணை எக்ஸ்’ மருந்து என்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது.

மதிப்பீட்டுக்கான சிறப்பு மையங்களில் ஒன்று, 2005 முதல் முட்டுக்காட்டில் இயங்கும், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான ‘நிப்மெட்’. மதிப்பீட்டுக்குப் போகும் பெற்றோர் இரண்டையும் சோதித்துத் தனித்தனியே எழுதித் தரும்படி கேட்டு வாங்க வேண்டும்.