பாடத்துக்காக எடுத்த படங்கள்

கார்ல் புளோஸ்ஃபெல்ட்டை (1865–1932) நவீன ஒளிப்படக் கலையின் முன்னோடி என்கிறார்கள். என் கணிப்பில் அவர் முதலில் ஆசிரியர். இளமையில் இரும்பு வார்ப்பாலையில் தொழில் பழகியவர், பெர்லினில் 1930 வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் செடிகளைப் பார்த்து உருவம் வடிக்கக் கற்பித்தார். தளிர் வாடிவிடும், படம் வாடாது. ஆகவே பெரணிச் சுருளையும் குதிரைவால் தண்டையும் பல மடங்கு பெருக்கிப் படமெடுத்தார். அவை ‘கலையின் ஆதி வடிவங்கள்’ என்று 1928-இல் நூலானபோதுதான், அறுபதைக் கடந்த வயதில், புகழ் வந்தது.

இலைகளை நறுக்கித் திருத்திய பிறகு எடுத்த படம் எப்படி உண்மையான பாடமாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் தாவரவியல் கற்பிக்கவில்லை. இரும்பை வளைக்கப்போகும் கைக்கு, வளைவு எங்கே தொடங்கி எங்கே இறுகுகிறது என்பது தெரிய வேண்டும். மறைத்த இலையை அகற்றியதும், பின்னணியை வெறுமையாக விட்டதும் அதற்காகத்தான்.