ஸ்டார்ட் எடுக்காத மிசின்

உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்குப் போகும் தெருவிலே, இரண்டாம் உலக மகாயுத்தத்தில் மாண்ட வீரர்களின் மயானத்தைக் கடந்து சாம்பல்தீவுப் பக்கமாகச் சென்றால், பெரும்போக விதைப்புக்கு நிலம் பண்படுத்தும் ஐப்பசி மாதத்து விடியற்காலையில், கோழி கூவுவதோடு கலந்து வேறோர் ஓசையும் செவியில் விழும். இருமல் வந்தும் வராமலும் திணறுகிற கிழவனைப் போல இரண்டு மூன்று முறை உறுமி அடங்கிவிடுகிற அந்த ஓசையைக் கேட்ட மாத்திரத்தில், இன்னாருடைய மிசின் ஸ்டார்ட் எடுக்கவில்லை என்று படுக்கையிலிருந்தபடியே சொல்லக்கூடியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அரசாங்கக் காகிதங்களில் உழவு இயந்திரம் என்று எழுதப்படுவது எங்கள் வாயில் மிசின். அதன் பின்னால் இழுபடுவது மிசின் பெட்டி.

மிசின் வருவதற்கு முன்னர், தம்பலகாமத்து வயல்களிலும் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் நிலங்களிலும் சேறு மிதித்ததும், அறுவடைக்குப் பின் களத்திலே சூடு மிதித்ததும் எருமைகளே. இரவு முழுவதும் அவற்றை வளைத்து ஓட்டுகிறவர்கள் நித்திரையை விரட்டுவதற்காகவும், நெல்லைப் பொலி என்றே சொல்லும் களத்து மரபைக் காப்பதற்காகவும் பொலிப்பாட்டுப் பாடினார்கள். கதிரின்மேல் ரப்பர்ச் சக்கரம் உருளத் தொடங்கியபின் அந்தப் பாட்டுக்கு அவசியமில்லாமற் போயிற்று. எருமைக்குப் பாட்டுக் கேட்கும். மிசினின் பேர்கின்ஸ் எஞ்சினுக்குக் கேட்காது. ஆயினும் எருமை முரண்டு பிடித்தால் அதன் காரணத்தை எல்லோரும் அறிவார்கள். மிசின் முரண்டு பிடித்தால் அதை அறிவதற்கு ஒரு புதிய வித்தை வேண்டியிருந்தது.

அந்த மிசினின் வம்சத்தைச் சொல்வதானால், ஹரி பெர்குசன் என்ற ஐரிஷ்காரர், கலப்பையை மூன்று புள்ளிகளிலே வண்டியோடு பிணைத்து எண்ணெயின் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் உபாயத்தைப் பூரணப்படுத்தி, 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரத்திலே 5 லட்சத்துக்கு மேற்பட்ட சாம்பல்நிற டிரக்டர்களைச் செய்வித்தார். 1953இல் அவருடைய கம்பனி மாசி ஹரிஸ் கம்பனியோடு இணைந்தது. அதன் சந்ததிதான் நாங்கள் மெசி என்று செல்லமாகச் சொல்லும் 35உம், 1964ஆம் வருஷக் கடைசியில் பிறந்த 135உம். சாம்பல்நிறப் பெர்குசனிலே கியர்த்தடியை எஸ் என்ற ஸ்தானத்துக்குத் தள்ளினாலன்றி ஸ்டார்ட்டர் சுழலாது. கியரில் கிடக்கும் வண்டி திடீரெனப் பாய்ந்து ஆளை நசுக்காதிருப்பதற்கென்று செய்த அந்த ஏற்பாட்டை அறியாத ஒருவர், பழுதே இல்லாத வண்டியை அரை நாள் பிரித்துப் பார்க்கக்கூடும்.

35இன் முதல் டீசல் எஞ்சின், குளிர்காலத்தில் கிளம்ப மறுப்பதற்கு இங்கிலாந்திலே பேர்போனது. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் அதன் இடத்துக்கு வந்தபின்தான் அந்தக் குறை தீர்ந்தது. எங்களுக்குக் குளிர் என்ற சத்துரு இல்லை; உப்பு என்ற சத்துரு உண்டு. பெயரிலேயே உப்பைச் சுமக்கும் ஊரில், கடற்காற்று பற்றறியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, எர்த் கம்பி சட்டத்தில் பொருந்துமிடத்தைத் துருவாக்கிவிடுகிறது. ஆகையால் இவ்விடத்து மெக்கானிக், முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்வார். விளக்கு அடியோடு மங்கினால் பற்றறியை வைவதற்கு முன் இணைப்புகளைக் கழற்றி மணற்கடதாசியால் தேய்ப்பார். பல தடவை அத்தோடு காரியம் முடிந்துவிடும்.

இந்த ஞானம் புத்தகத்தால் வந்ததன்று. 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, டொக்யார்ட்டில் உலோகத்தோடு பழகிய சில கைகளாவது கராஜ்களுக்கு வந்திருக்கும் என்று கருதுவது பிழையாகாது. ஆனால் உண்மையான குரு தட்டுப்பாடுதான். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் புதிய உதிரிப்பாகம் கிடைப்பது அருமை; போரின் நடுவே 1990இல் தொடங்கி 2002 வரையில், வடக்கிலும், கிழக்கில் இராணுவக் கட்டுப்பாட்டுக்கு வெளியேயிருந்த பகுதிகளிலும், எரிபொருளே தடைப்பொருளாயிற்று. கையில் அகப்பட்டதை ஊற்றி எஞ்சினை ஓட்டிய அந்த நாட்களில், டீசல் பம்பு தன்னுள் ஓடும் டீசலையே மசகாகக் கொண்டு உயிர்வாழ்வது என்ற உண்மையை, மண்ணெண்ணெய் கலந்து பம்பைத் தேய்த்தவர்கள் நஷ்டப்பட்டே கற்றுக்கொண்டார்கள். 2022இல் மறுபடியும் தட்டுப்பாடு, எரிபொருளுக்கு வரிசை. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் ஏறக்குறைய 100 சீனன்குடாவின் காட்டுக்குள் நிற்க, அதே மாவட்டத்துக் கமக்காரர் கானோடு தெருவில் நின்ற காட்சியை விதியின் பரிகாசம் என்பதா, ஆட்சியின் பரிகாசம் என்பதா? நான் இரண்டாவதையே சொல்வேன்.

டீசல் தாங்கி வற்றும்வரை ஓடிய மிசினுக்கு, பிறகு எவ்வளவு டீசல் வார்த்தாலும் பயனில்லை. குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அப்படி நின்ற ஒரு 135இன் அருகே நான் பார்த்திருந்த ஒரு காலையில், வயதான மெக்கானிக் தம் கருவிப் பெட்டியை உடனே திறக்கவே இல்லை.

"தம்பி, ராத்திரி எண்ணெய் முடிய விட்டனியோ?"

"இல்லை அண்ணை, கொஞ்சம் கிடந்தது."

"கொஞ்சம் கிடந்தா அது தாங்கியின்ர அடியில கிடந்திருக்கும். எயர் எடுத்திட்டுது."

அவர் பில்டரின் மேலுள்ள சிறிய ஆணியை இரண்டு சுற்றுத் தளர்த்தி, எஞ்சினின் பக்கத்திலுள்ள பம்பின் கைநெம்பை விரலால் அசைத்தார். அது தொளதொளவென்று ஆடிற்றேயன்றி எண்ணெயை இழுக்கவில்லை. நான் பம்பு பழுதென்று நினைத்தேன். அவரோ ஸ்டார்ட்டரை ஒரு கணம் தட்டச் சொல்லி, எஞ்சினை ஒரு சுற்று நகரவிட்டு, மறுபடி நெம்பைப் பிடித்தார். உள்ளேயிருக்கும் காம் உச்சத்தில் நின்றால் நெம்புக்கு வேலை இராது என்பது அதன் இரகசியம். ஆணியின் ஓரத்தில் முதலில் நுரை வந்தது. பிறகு நுரைக்குள் மணிமணியாகக் குமிழி. பிறகு குமிழியற்ற டீசல் கண்ணாடி போல் வழிந்தது. ஆணியை இறுக்கி, டீசல் பம்பின் இரண்டு ஆணிகளிலும் அவ்வாறே செய்து, கடைசியில் நொசில்களுக்குப் போகும் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். நட்டின் அடியில் டீசல் துடித்துத் துடித்துத் தெறித்ததும் இறுக்கினார். மூன்றாம் முறை வெண்புகை. நான்காம் முறை கரும்புகையும் முழக்கமும். வரிசையை மாற்றி, நொசிலில் தொடங்கிப் பில்டருக்கு வருகிறவன் பகல் முழுதும் காற்றையே இறைத்துக்கொண்டிருப்பான்.

இவ்வளவையும் வாசித்துவிட்டுச் சாவியோடு மிசினை நெருங்குகிறவர்களுக்கு ஒரு சொல். பழைய மெசியில் எஞ்சினை நிறுத்துவது சாவி அன்று. இழுத்தால் டீசலை அடைக்கும் ஒரு குமிழ். நேற்று மாலை அதை இழுத்தவர் திரும்ப உள்ளே தள்ள மறந்திருந்தால், பற்றறி தீரும்வரை சுழற்றினாலும் எஞ்சின் எழும்பாது. ஆணி எதையும் தளர்த்துவதற்கு முன், அந்தக் குமிழைத் தள்ளிப் பாருங்கள்.