மருந்தாய்வில் திறந்த தரவும் வினவல் தரநிலைகளும்

மூலக்கூறுகள், அவை சென்று பற்றும் புரதங்கள், அவை கிடைக்கும் தாவரங்கள், சோதனை முடிவுகள் ஆகியவற்றை எவரும் பார்க்கவும் பதிவிறக்கவும் மீண்டும் பயன்படுத்தவும் வெளியிட்டு வைப்பது மருந்தாய்வில் திறந்த தரவு எனப்படும். பொருள்களுக்கு அடையாளம் இடுவதற்கும் அந்தத் தரவில் தேடுவதற்கும் உலக ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டுள்ள விதிகள் வினவல் தரநிலைகள். இந்த விதிகள் இல்லாவிட்டால், கதவைத் திறந்து வைத்தும் உள்ளே விளக்கு இல்லாத நிலைதான்.

மைசூருவின் சந்தனத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் சந்தனம், கன்னடத்தில் ஸ்ரீகந்த, தாவரவியலில் சாண்டலம் ஆல்பம். பொதுப்பெயரை மட்டும் நம்பித் தேடினால் செஞ்சந்தனமும் சேர்ந்து வந்து நிற்கும். அதுவோ அவரைக் குடும்பத்து மரம், சந்தனத்துக்கு உறவே இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் மைசூரு சமஸ்தானம் தொடங்கிய சந்தன எண்ணெய் ஆலையால் பெயர்பெற்ற ஊர் மைசூரு. சந்தன மரத்தின் வைரக்கட்டையிலிருந்து வடித்தெடுக்கும் அந்த எண்ணெயில் முதன்மையானவை ஆல்பா சாண்டலால், பீட்டா சாண்டலால். இரண்டிலும் கார்பன் 15, ஹைட்ரஜன் 24, ஆக்சிஜன் 1. வேதி வாய்பாட்டைக் கொண்டு தேடினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் ஆல்பாவில் மூன்று வளையங்கள், பீட்டாவில் இரண்டு. புரதத்தில் ஒரு மூலக்கூறு பொருந்துமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது இந்த வடிவம்தான்.

வடிவத்தை எழுத்தாக்க 1980களில் டேவிட் வைனிங்கர் ஸ்மைல்ஸ் குறியீட்டை உருவாக்கினார். இதில் எத்தனாலை சி, சி, ஓ என்று மூன்றே எழுத்தில் எழுதிவிடலாம். ஓ, சி, சி என்று திருப்பி எழுதினாலும் அதே எத்தனால்தான். ஒரே பொருள் பல விதமாகப் பதிவாகும் சிக்கல் அதனால் தீரவில்லை. பன்னாட்டு வேதியியல் ஒன்றியமான ஐயுபேக் 2005-இல் வெளியிட்ட இன்ச்சி அடையாளம் ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்று வகுத்தது. அதன் சுருக்கமான இன்ச்சிகீ, கோடுகளையும் சேர்த்து 27 குறிகள் கொண்டது. முதல் 14 எழுத்துகள் மூலக்கூறின் எலும்புக்கூட்டைக் குறிப்பவை. இரு சாண்டலால்களும் அங்கேயே பிரிந்துவிடுகின்றன.

அடுத்தது கேட்கும் மொழி. ஆர்டிஎஃப் என்னும் முறையில் ஒவ்வொரு செய்தியும் மூன்று உறுப்புள்ள வாக்கியம்: எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். நம் பள்ளி இலக்கணமேதான். ‘சந்தனமரம் கொண்டுள்ளது ஆல்பா சாண்டலாலை’ என்பது ஒரு தரவுத்தளத்தில் இருக்கலாம். அந்தச் சாண்டலால் எந்தப் புரதத்தைப் பாதிக்கிறது என்பது வேறொன்றில் இருக்கலாம். 2008-இல் தரநிலையான ஸ்பார்க்கிள் வினவல் மொழி, அடையாளம் ஒத்துப்போனால் இரண்டையும் கோத்து விடை தரும். மூலக்கூறுகளுக்கான கெம்பிள், புரதங்களுக்கான யூனிபுராட் ஆகிய தரவுத்தளங்கள் ஆர்டிஎஃப் வடிவிலும் கிடைக்கின்றன.

இந்தியாவில் இத்துறையின் பெருமுயற்சி சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரீஜித் சமல் குழுவினர் உருவாக்கிய இம்பேட் தரவுத்தளம். 2018-இல் வெளிவந்தபோது 1,742 மருத்துவத் தாவரங்களும் 9,596 தாவர வேதிப்பொருள்களும் இருந்தன. இரண்டாம் பதிப்பில் 4,010 தாவரங்கள், 17,967 வேதிப்பொருள்கள். வேர், இலை, பட்டை என எந்த உறுப்பில் எது உள்ளது என்றும் இப்பதிப்பு பிரித்துக் காட்டுகிறது. சித்த மருத்துவம் செடியின் உறுப்பு பார்த்தே மருந்து சொல்வதால் இந்தப் பகுப்பு விலைமதிப்பற்றது. மூலக்கூறுகளின் முப்பரிமாண வடிவங்களையும் பதிவிறக்கலாம். மருந்தாகும் தன்மையுள்ளவையாக 1,335 பொருள்களை இக்குழு சலித்தெடுத்தது. சிதறிக் கிடந்த நூல்களையும் கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகப் படித்து, ஒரே செடியின் பல பெயர்களை ஒன்றாக்கிய பொறுமையான உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது.

எல்லாவற்றையும் திறந்துவிடலாமா என்பது வேறு கேள்வி; மரபறிவைப் பிறர் தமதாக்கிக்கொள்ளும் அச்சமும் உண்டு. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995-இல் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து மறு ஆய்வு கோரியதால் 1997-இல் ரத்தானது. அந்த அனுபவத்தின் விளைவாக 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம், சித்த, ஆயுர்வேத, யுனானி நூல்களிலுள்ள மருந்து முறைகளை மொழிபெயர்த்து வைத்தும், நெடுங்காலம் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே காட்டியது. பிறருக்கும் படிப்படியாகத் திறக்க 2022 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.