முதுநிலைச் சான்றிதழ்: கலப்பு முறைக் கற்பித்தலும் மதிப்பீடும் (பிரிட்டன்)

முதுநிலைச் சான்றிதழ், பிரிட்டனில் முதுகலைப் பட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு பளுவுள்ள படிப்பு. சான்றிதழுக்கு 60 கிரெடிட், டிப்ளமோவுக்கு 120, முதுகலைக்கு 180 என்பது அங்குள்ள வழக்கம். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரக் கற்றல் என்ற கணக்கில் சான்றிதழுக்கு 600 மணி நேரம். அதில் வகுப்பறையில் கழிவது கொஞ்சமே. மீதியெல்லாம் வாசிப்பும் எழுத்தும். இங்கிலாந்தின் தகுதி வரிசையில் இது ஏழாம் நிலை, ஸ்காட்லாந்தில் பதினோராம் நிலை.

இச்சான்றிதழ் கற்பிக்கப்படும் கலப்பு முறை, அதாவது நேரடி வகுப்பும் தொலைவிலிருந்து கற்றலும் சேர்ந்த முறை, இணையத்தோடு வந்ததல்ல. 1969இல் அரச சாசனம் பெற்ற பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே அம்முறையின் கூறுகள் அனைத்தும் இருந்தன. பாடநூல்கள் தபாலில் வந்தன. பிபிசி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடங்கள் ஒலி, ஒளிபரப்பாயின. பிற்காலத்தில் தொலைக்காட்சிப் பாடங்கள் பலவும் மற்றவர்கள் உறங்கும் வேளையில்தான் வந்தன. வட்டார மையங்களில் ஆசிரியரை நேரில் பார்க்க முடிந்தது. கோடையில் ஒரு வாரம் தங்கிப் படிக்கும் முகாமும் இருந்தது. மாணவர் அனுப்பிய ஒப்படைப்பை ஆசிரியர் திருத்தி, மதிப்பெண்ணோடு விரிவான குறிப்பும் எழுதித் திருப்பி அனுப்பினார். கற்பித்தலில் பெரும்பகுதி நடந்தது அந்தக் குறிப்புகளில்தான். பின்னாளில் கணினி மாற்றியது தபால்காரரின் வேலையை மட்டுமே.

முதுநிலைச் சான்றிதழ்களில் பரவலான ஒன்று, புதிதாகப் பணியேற்கும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கானது. அவர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி வேண்டுமென 1997இல் உயர்கல்வி பற்றி ஆராய்ந்த டியரிங் குழு பரிந்துரைத்தது. 2006இல் பல்கலைக்கழகக் கற்பித்தலுக்கான தேசியத் தொழில்தரச் சட்டகம் வந்தது. 2011இலும் 2023இலும் அது திருத்தப்பட்டது.

இப்படிப்பில் எழுத்துத் தேர்வு அரிது. சக ஆசிரியர் வகுப்பில் அமர்ந்து கவனித்து எழுதும் அறிக்கை, பாடத்திட்ட வரைவு, தன் கற்பித்தலைத் தானே அலசும் கட்டுரை ஆகியவை ஒரே தொகுப்பாக ஒப்படைக்கப்படும். அலசல் கட்டுரையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றனர்’ என்று எழுதினால், ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று ஓரத்தில் கேள்வி விழும்.

தேர்ச்சிக்குப் பல இடங்களில் 50 விழுக்காடு வேண்டும். திருத்திய தாள்களில் ஒரு பகுதியை இரண்டாமவர் சரிபார்ப்பார். வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெளித்தேர்வாளர் தரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். தவறியவர் மறுபடி ஒப்படைக்கலாம். ஆனால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாகத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்காது.

2020இன் பெருந்தொற்றுக்குப் பிறகு நேரடி வகுப்புகளில் ஒரு பகுதி காணொலிக்கு மாறியுள்ளது.