ட்ராமுக்கு ஒதுங்கியவர்கள்

பேஸ்பால் ஆட்டம் எனக்குப் பிடிபட்டதில்லை. 'டாட்ஜர்ஸ்' என்ற பெயரிலேயே நின்றுவிட்டேன். 1890களில், குதிரை போய் மின்சாரம் வந்து வேகம் கூடிய ட்ராமுக்கு ஒதுங்கி ஓடுகிறவர்கள் என்று ப்ரூக்ளின்வாசிகளைக் கேலி செய்த சொல், ஊர்க் குழுவுக்கும் ஒட்டிக்கொண்டது. தெருவின் அன்றாட பயமே பட்டமாயிற்று. 1947இல் ஜாக்கி ராபின்ஸன் அந்தச் சட்டையணிந்துதான் நிறத்தடையை உடைத்தார். 1955இல் குழு முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. 1956இல் ப்ரூக்ளினின் கடைசி ட்ராம் நின்றது. மறு வருஷ ஆட்டங்கள் முடிந்ததும் குழுவே லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. அங்கே 1962இல் ஸ்டேடியம் திறந்த குன்றுகளிலிருந்து, மெக்ஸிக வம்சாவளிக் குடும்பங்கள் 1950களில் அப்புறப்படுத்தப்பட்டிருந்தன—முதலில், அரசுக் குடியிருப்பு கட்டப்போவதாகச் சொல்லி. பெயர் மட்டும் பிழைத்திருக்கிறது. அதில் ஒதுங்கியவர்களைப் பற்றிய ஞாபகம் உண்டு. ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றி ஒன்றுமில்லை.