பதின்மூன்று இலக்கங்களின் கதை

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு நம் புதுச்சேரிக்கு வரும் சொந்தக்காரர்களின் பர்ஸில் ஒரு பச்சை அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே டாக்டரிடம் போனாலும் மருந்துக் கடைக்குப் போனாலும் அதைத்தான் நீட்ட வேண்டும். அந்த அட்டையில் உள்ள நீளமான எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு சின்ன ஜாதகம். முதல் இலக்கம் 1 என்றால் ஆண், 2 என்றால் பெண். அடுத்த இரண்டு பிறந்த வருடம், அடுத்த இரண்டு மாதம். அதற்கடுத்த இரண்டு மாவட்டம். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் அந்த இடத்தில் 99. பிறகு மூன்று இலக்கம் ஊருக்கு, கடைசி மூன்று அந்த மாதம் அந்த ஊர்ப் பிறப்புப் பதிவேட்டில் அவருடைய வரிசை எண். ஆக 13. சரிபார்க்க இன்னும் இரண்டு இலக்கம் பின்னால் வரும்.

நம் ஆதார் எண்ணில் 12 இலக்கம். அதை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது; குலுக்கிப் போட்டு எடுத்த எண். இது ஏன் அப்படி, அது ஏன் இப்படி என்று கேட்கப் போனால் 1940-க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஜூன் மாதம் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றது. போர்நிறுத்த உடன்படிக்கைப்படி ஒரு லட்சம் வீரர்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ரெனே கார்மீய் என்று ராணுவ நிர்வாகத்தில் ஒரு பெரிய அதிகாரி. துளையிட்ட அட்டைகளை வைத்துக் கணக்குப் பார்க்கும் இயந்திரங்களில் அவருக்கு நல்ல தேர்ச்சி. கலைக்கப்பட்ட படையின் ஆட்களை மறுபடி திரட்ட ஒரு நாள் வரும், அதற்குப் பெயர்ப்பட்டியல் வேண்டும், ஆனால் ஜெர்மானியர் கண்ணில் படக் கூடாது. எனவே ‘மக்கள்தொகைக் கணக்கு’ என்ற போர்வையில் எல்லோருக்குமே ஓர் எண் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். அந்த எண்தான் இந்த எண். கார்மீய் 1944 பிப்ரவரியில் லியோன் நகரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, 1945 ஜனவரியில் தாகாவ் முகாமில் இறந்தார். நல்ல நோக்கத்துக்காக எண் கொடுத்து, அதற்காக உயிரையும் விட்டவர்.

ஆனால் அதே எண் அதே வருடங்களில் அல்ஜீரியாவில் வேறு வேலைக்கும் பயன்பட்டது. அங்கே முதல் இலக்கம் ஆணா பெண்ணா என்று சொன்னதோடு நிற்கவில்லை. பிரெஞ்சுக் குடிமக்களுக்கு 1, 2. அந்த நாட்டு முஸ்லிம்களுக்கு 3, 4. யூதர்களுக்கு 5, 6. வெளிநாட்டவருக்கு 7, 8. ஆணையைத் தயார் செய்தவன் மேஜையில் உட்கார்ந்த இன்னொரு எழுத்தர்தான். ஓர் இலக்கத்தை மாற்றினான், அவ்வளவுதான். போருக்குப் பிறகு இந்தப் பிரிவினையை நீக்கினார்கள். எண் மட்டும் நின்றது.

பாரீஸில் நடந்தது இன்னும் மோசம். அதற்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. 1940 செப்டம்பர் 27-ல் ஆக்கிரமிப்பில் இருந்த பகுதியின் யூதர்கள் எல்லோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஜெர்மானியர் உத்தரவு போட்டார்கள். பாரீஸிலும் சுற்றுப்புறத்திலுமாக ஏறத்தாழ 1,50,000 பேர் போலீஸ் நிலையத்துக்குத் தாங்களாகவே போய், வரிசையில் நின்று, பெயரும் முகவரியும் கொடுத்தார்கள். சட்டம் சொன்னது, செய்தார்கள். பாரீஸ் காவல்துறையில் ஆந்த்ரே துலார் என்ற அதிகாரி அந்த அட்டைகளை நான்கு விதமாக அடுக்கினார்: பெயர் வரிசையில், நாட்டின்படி, தெருவின்படி, தொழிலின்படி. ஒரு எழுத்தராக இதைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சில்லிட்டது. நல்ல ரெக்கார்டு கீப்பர் என்று எங்கள் காலத்தில் யாரைப் பாராட்டுவோமோ, அவர் செய்யும் வேலைதான் அது. 1942 ஜூலை 16, 17 இரண்டு நாளில் அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸார் வீடு வீடாகப் போனார்கள். 13,000 பேருக்கு மேல் பிடித்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்.

நம் ஊருக்கு இந்தச் சட்டங்கள் எட்டவில்லை. அன்றைய கவர்னர் லூயி போன்வேன் 1940-லேயே தெ கோல் பக்கம் சேர்ந்துவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதத்துக்காக. “நான் யோக்கியன். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. யார் என் விவரத்தை வைத்திருந்தால் எனக்கென்ன?” என்பார்கள். 1940-ல் பாரீஸில் வரிசையில் நின்றவர்களும் யோக்கியர்கள்தாம். ஒளிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்ததால்தான் நின்றார்கள். விவரம் கொடுத்த நாளில் இருந்த அரசாங்கமும் அதைப் பயன்படுத்தும் நாளில் இருக்கும் அரசாங்கமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு யாரும் ஜாமீன் கொடுக்க முடியாது.

இனி 1974-க்கு வருவோம். கார்மீயின் எண் போருக்குப் பிறகு பிரெஞ்சுப் புள்ளிவிவர நிறுவனத்தின் கைக்கு வந்து, சமூகக் காப்பீட்டுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. எழுபதுகளில் அந்த நிறுவனம் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லா இலாகாக்களின் கோப்புகளையும் இந்த ஒரே எண்ணால் இணைக்கத் திட்டம் போட்டது. திட்டத்தின் நீளமான பெயரிலிருந்து முதல் எழுத்துகளை எடுத்துச் சுருக்கி ‘சஃபாரி’ என்று வைத்தார்கள். சஃபாரி என்றால் வேட்டைப் பயணம் என்பது அந்த அதிகாரிகளுக்குத் தோன்றாமல் போனதுதான் வேடிக்கை. 1974 மார்ச் 21 அன்று ‘லெ மோந்த்’ பத்திரிகையில் பிலிப் பூஷே என்ற பத்திரிகையாளர், சஃபாரியா அல்லது பிரெஞ்சுக்காரர்களின் வேட்டையா என்ற பொருளில் தலைப்பிட்டு எழுதினார். உள்துறை அமைச்சகம் ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, தன் போலீஸ் கோப்புகளோடு மற்ற இலாகா விவரங்களையும் சேர்க்கப் பார்க்கிறது என்பது அதன் சாரம்.

நாடே கொதித்தது. தன் பெயர் எந்த அட்டையில் இருந்தது என்பதை மறக்காத தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. பிரதமர் பியேர் மெஸ்மேர் பத்து நாளைக்குள் இலாகாக்களுக்கு இடையே கோப்புகளை இணைப்பதை நிறுத்தி வைத்தார். அந்த ஆண்டே ஒரு குழு போட்டு ஆராய்ந்தார்கள். அதன் விளைவாக வந்ததுதான் 1978 ஜனவரி 6-ஆம் தேதிச் சட்டம். கம்ப்யூட்டர் குடிமகனுக்குச் சேவை செய்ய வேண்டும், அவனுடைய சொந்த வாழ்க்கைக்கோ சுதந்திரத்துக்கோ தீங்கு செய்யக் கூடாது என்ற பொருளில் அதன் முதல் விதி தொடங்குகிறது. தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கவும், தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லவும் சாதாரண ஆளுக்கு உரிமை வந்தது. ஒரு காரியத்துக்கு வாங்கிய விவரத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது. கண்காணிக்க ‘க்னில்’ என்று ஓர் ஆணையம். ஜெர்மனியின் ஹெஸ்ஸ மாநிலம் 1970-லும், ஸ்வீடன் 1973-லும் இதே வழியில் சட்டம் போட்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தச் சட்டத்தின் உட்பொருள் எழுத்தர் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். எங்கள் காலத்தில் ரேஷன் கார்டு ஒரு இலாகா, வீட்டு வரி வேறு இலாகா, ஆஸ்பத்திரி வேறு, எத்தா சிவீல் மேரியில். ஒரு மனிதரைப் பற்றி நான்கு இடத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் நான்கு கடிதம், பிறகு நினைவூட்டு 1, நினைவூட்டு 2, அதற்கும் பதில் வராவிட்டால் அதிகாரி பெயரில் டி.ஓ. லெட்டர். நாலு மாதம் ஆகும். அதற்குள் கேட்டவருக்கே ஏன் கேட்டோம் என்று மறந்துபோகும். ஜனங்கள் எங்களைத் திட்டினார்கள், திட்டியதில் நியாயமும் இருந்தது. குடும்ப பென்ஷனுக்காக விதவைகள் மாதக்கணக்கில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாமதமே ஒரு சுவராகவும் இருந்தது. பீரோவுக்கும் பீரோவுக்கும் இடையே இருந்த தூரம்தான் சாமானியனுக்குப் பாதுகாப்பு. கம்ப்யூட்டர் வந்து அந்தத் தூரத்தை எடுத்துவிட்டது. எடுத்த தூரத்தைச் சட்டத்தால் மறுபடி வைத்தார்கள், அதுதான் 1978.

நம் நாட்டில் வரிசை கொஞ்சம் மாறிவிட்டது. ஆதார் ஆணையம் 2009-ல் வந்தது. முதல் எண் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் ஒரு கிராமத்தில் கொடுக்கப்பட்டது. அதற்கான சட்டம் 2016-ல்தான் வந்தது. வழக்குப் போட்டவர் யார் தெரியுமா? கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி. 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது 80 வயதைக் கடந்தவர். நம்மைப் போன்ற ஒரு பென்ஷன்தாரர் என்று எனக்கு அவர் மேல் தனி மரியாதை. 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பர் 26-ல் அரசு உதவிகளுக்கும் பான் கார்டுக்கும் ஆதார் செல்லும், வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயப்படுத்த முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது.

அந்த 2023 சட்டத்திலும் திருத்தும் உரிமை, நீக்கும் உரிமை எல்லாம் இருக்கின்றன. ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு மனசு ஒப்பவில்லை. அரசு தன் அமைப்புகளுக்கு ஓர் அறிவிக்கையால் விலக்கு அளித்துக்கொள்ளலாம். கண்காணிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசே. பிரெஞ்சு ஆணையத்தில் 18 பேர் என்றால் பெரும்பாலோர் நாடாளுமன்றமும் உயர்ந்த நீதிமன்றங்களும் தேர்ந்து அனுப்பியவர்கள். தணிக்கைக்கு வருபவருக்கு நாற்காலி போடுவது யார் என்று பார்ப்பது ஆபீஸ் வழக்கம். பிரெஞ்சுக்காரர்களும் முழு யோக்கியர்கள் இல்லை. 2004-ல் திருத்தம் கொண்டுவந்து, போலீஸ் கோப்புகள் விஷயத்தில் தங்கள் ஆணையத்தின் பல்லைக் கொஞ்சம் பிடுங்கிவிட்டார்கள்.

இதெல்லாம் பெரிய இடத்துச் சங்கதி, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியைக்குப் போன வருடம் ஒரு வீடியோ அழைப்பு வந்தது. காக்கிச் சட்டைக்காரன் ஒருவன். “அம்மா, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்” என்றான். அவர் படித்தவர், சாதாரணமாக ஏமாறக்கூடியவர் இல்லை. ஏமாந்தது எதனால் என்றால், அவருடைய ஆதார் எண், பென்ஷன் வரும் வங்கி, மகள் வெளிநாட்டில் இருக்கும் ஊர் மூன்றையும் அவன் வரிசையாகச் சொன்னான். மூன்றும் தெரிந்தவன் போலீஸாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிவிட்டார். சேமிப்பில் பெரும்பகுதி போயிற்று. தனித்தனியாக இருந்தால் அந்த மூன்று விவரமும் ஒன்றுக்கும் உதவாது. யாரோ மூன்றையும் சேர்த்திருக்கிறார்கள். அரசாங்கம் செய்யக் கூடாது என்று 1974-ல் பிரான்சு தடுத்த வேலையை இன்று திருடன் செய்கிறான்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. வீட்டில் உட்கார்ந்தபடி ஜீவன் பிரமாண் கொடுக்க முடிகிறது. நவம்பர் மாதத்தில் கருவூல வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் தூரம் வைப்பதைச் சட்டம் செய்யும்வரை நாமே கொஞ்சம் செய்துகொள்ளலாம்.

ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும்படி மறைத்த நகல் கிடைக்கிறது. எங்கே அது போதுமோ அங்கே அதையே கொடுங்கள். கைரேகையை ஆதார் செயலியிலேயே பூட்டி வைத்து, தேவைப்படும்போது திறக்கலாம். பேரப்பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவான். டிஜிட்டல் அரெஸ்ட் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது; அப்படி யாராவது சொன்னால் போனை வைத்துவிட்டு, பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். ஜெராக்ஸ் கொடுக்கும்போது அதன் குறுக்கே ‘சிம் கார்டுக்கு மட்டும்’, ‘வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்’ என்று பேனாவால் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். எந்தக் காரியத்துக்கு வாங்கினாயோ அதற்கு மட்டும் என்பதைத்தான் பிரான்சில் நான்கு வருடம் விவாதித்துச் சட்டமாக்கினார்கள். நமக்கு அதற்கு ஒரு வரியும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் போதும்.