கடல் கடந்த படங்கள்: கேரலப் குழந்தை ஓவியர்களும் ஒரு சங்கத் தொண்டின் எல்லையும்

முதல் உலகப் போர் முடிந்து வியன்னா பட்டினியில் கிடந்த நேரத்தில், அந்நகரத்துக் குழந்தைகள் வரைந்த படங்கள் லண்டனுக்குச் சென்றன. ஃப்ரான்ஸ் சிசெக் என்ற ஆசிரியரின் ஓவிய வகுப்பில் உருவானவை அவை. நிவாரணப் பணிக்குச் சென்றிருந்த ஃபிரான்செஸ்கா வில்சன், சேவ் த சில்ட்ரன் நிதியத்தின் ஆதரவோடு 1920இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். குழந்தை வரைந்த படம் கலையாக மதிக்கப்படவும், அதே குழந்தைக்காகப் பணம் திரட்டவும் ஒருசேரப் பயன்படும் என்று அந்தக் காட்சி காட்டியது. பின்னர் பெண்கள் சங்கங்களும் சேவைச் சங்கங்களும் பல நாடுகளில் இதே வழியைப் பின்பற்றின. இவ்வழியின் பலமும் பலவீனமும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கேரலப் குடியிருப்பில் வெளிப்பட்ட அளவுக்கு வேறெங்கும் தெளிவாக வெளிப்படவில்லை என்பது என் கருத்து.

கட்டானிங் நகருக்கு அருகிலுள்ள கேரலப், நூங்கர் மக்களின் பூர்வீக நிலம். 1915இல் அரசு அங்கே பழங்குடியினருக்கான குடியிருப்பு ஒன்றை அமைத்தது. 1922இல் மூடப்பட்ட அந்தக் குடியிருப்பு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மீண்டும் இயங்கியது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது 1905ஆம் ஆண்டின் பழங்குடியினர் சட்டம். மாநிலத்திலுள்ள 16 வயதுக்குட்பட்ட பழங்குடிக் குழந்தைகள் அனைவருக்கும் தலைமைப் பாதுகாவலர் என்ற அதிகாரியே சட்டப்படி காப்பாளர் என்றது அச்சட்டம். பெற்ற தாய் உயிரோடிருந்தும் பிள்ளை மீது அவளுக்கு உரிமை இல்லை. கேரலப் விடுதிகளில் இருந்தவர்களில் பலர் அப்படிப் பிரித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். இவர்களை ‘ஏழைக் குழந்தைகள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட முடியாது. வறுமை இருந்தது உண்மைதான், ஆனால் அந்த வறுமையை உண்டாக்கியதே சட்டம்.

1946இல் நோயல் ஒயிட் அங்கே பள்ளித் தலைமையாசிரியராக வந்தார். மனைவி லில்லியும் உடன் வந்தார். பாடப் புத்தகத்தில் ஒட்டாத பிள்ளைகளை நோயல் ஒயிட் காட்டுக்கு அழைத்துச் சென்றார். மரம், பறவை, நிழல், வெளிச்சம் எல்லாவற்றையும் கவனிக்கச் சொல்லி, வகுப்புக்குத் திரும்பியபின் நினைவிலிருந்து வரையவைத்தார். கையில் இருந்தவை சாக்பீஸ், வண்ணக் கட்டி, தாள். கிடைத்த விளைவு ஆசிரியரையே திகைக்கவைத்தது. அந்தி வானத்துக்கு எதிரே கறுத்து நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள், புல்வெளியில் தாவும் கங்காருகள், நெருப்பைச் சுற்றி ஆடும் மனிதர்கள் எல்லாம் அந்தத் தாள்களில் இடம்பெற்றன. ரெவல் கூப்பர், பார்னெல் டெம்ப்ஸ்டர், ரெய்னால்ட் ஹார்ட், பாரி லூ என்று ஒவ்வொருவருக்கும் தனிக் கை, தனி வண்ணம். அந்திவானம் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டி, சுற்றுலா அட்டைப் படங்களைப்போல இருக்கின்றன என்று ஒதுக்க ஒருவருக்குத் தோன்றலாம். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் பெற்றோரின் நிலத்தையே இவ்வளவு நுணுக்கமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தபின் அந்தப் பார்வை நிற்காது.

1947இல் பெர்த் நகரின் போவன்ஸ் பல்பொருள் அங்காடியில் இப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆக, எந்தச் சேவைச் சங்கமும் வருவதற்கு முன்பே படங்கள் மக்கள் பார்வைக்கு வந்துவிட்டன. கேரலப்பின் புகழை ஒரே ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் கண்டுபிடிப்பாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆசிரியரையும் பிள்ளைகளையும் பின்னுக்குத் தள்ளும் வழக்கம் அது.

அந்தப் பெண்மணி ஃப்ளாரன்ஸ் ரட்டர். 1921இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் தொடங்கிய சோராப்டிமிஸ்ட் என்ற மகளிர் சேவைச் சங்கம் சில ஆண்டுகளிலேயே பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பரவியது. அச்சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரட்டர், ஆஸ்திரேலியாவில் கிளைகள் அமைக்கப் பயணம் செய்தபோது 1949இல் கேரலப்புக்கு வந்தார். படங்களைப் பார்த்தவர் அவற்றை வாங்கினார், பிள்ளைகளுக்கு ஓவியப் பொருள்கள் கிடைக்க வழிசெய்தார், அடுத்த ஆண்டு மீண்டும் வந்தார். படங்களை ஐரோப்பாவுக்கு எடுத்துச்சென்று பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் காட்சிக்கு வைத்தார், விற்றார். எழுத்தாளர் மேரி டுராக் இக்குழந்தைகளைப் பற்றி ரட்டருடன் சேர்ந்து உருவாக்கிய நூல் 1952இல் வெளிவந்தது. கண்டம் தாண்டிய தொடர்புகளும், எந்த ஊரிலும் கதவு திறக்கும் உறுப்பினர்களும் ஒரு சேவைச் சங்கத்துக்கு இருக்கும் பலம். தொலைதூரக் கிராமப் பள்ளி ஒன்றின் சாக்பீஸ் ஓவியத்தை லண்டன் சுவரில் தொங்கவிட அந்தப் பலமே போதுமானதாக இருந்தது.

ஆனால் பள்ளியைக் காப்பாற்ற அது போதவில்லை. 1950ஆம் ஆண்டின் முடிவில் கேரலப் பள்ளியை அரசு மூடியது. சிறுமிகள் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டனர்; அந்த இடம் மாரிபாங்க் என்ற பெயரில் ஆண் பிள்ளைகளுக்கான பண்ணைப் பயிற்சி நிலையமாக மாறியது. ஒயிட் தம்பதியரும் வெளியேறினர். ஐரோப்பியப் பார்வையாளர்கள் படங்களைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, அவற்றை உருவாக்கிய வகுப்பறையே இல்லாமல் போயிருந்தது. ரட்டரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. காப்பாளர் அரசு, பள்ளியும் அரசினுடையது, சங்கம் வெளியாள். அவரால் வண்ணக் கட்டி கொடுக்க முடிந்தது. பிள்ளையைத் தாயிடம் அனுப்பவோ, பள்ளியைத் திறந்துவைக்கவோ அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. தொண்டுச் சங்க வரலாறுகள் திரட்டிய தொகையையும் நடத்திய விழாவையும் விரிவாகச் சொல்லும், இந்த இடத்துக்கு வந்ததும் மௌனமாகிவிடும்.

பிள்ளைகளின் பிற்கால வாழ்வு எளிதாக இல்லை. ரெவல் கூப்பர் தொடர்ந்து வரைந்தார். சிறையில் இருந்த ஆண்டுகளிலும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. பின்னாளில் நூங்கர் நிலக்காட்சி ஓவிய மரபு என்று அறியப்பட்டது அவரையும் அவர் தோழர்களையும் தொட்டே தொடங்குகிறது. அவர் 1983இல் இறந்தார்.

ரட்டரிடம் எஞ்சிய படங்களை 1956இல் ஹெர்பர்ட் மேயர் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் வாங்கினார். நியூயார்க் மாநிலத்திலுள்ள கோல்கேட் பல்கலைக்கழகத்துக்கு அவர் அவற்றை 1966இல் கொடுத்தார். அங்கே அவை பல பத்தாண்டுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தன. 2004இல் ஆஸ்திரேலிய மானுடவியலாளர் ஹோவர்ட் மார்ஃபி அந்தச் சேமிப்பைப் பார்த்து, அவை கேரலப் படங்கள் என்று அடையாளம் கண்டார். 2006இல் ஒரு பகுதி கட்டானிங்கில் காட்சிக்கு வந்தது. அப்படங்களை வரைந்தவர்களின் குடும்பத்தார் பலருக்கு அவற்றை நேரில் காணும் முதல் வாய்ப்பு அதுதான். 2013இல் கோல்கேட் 100க்கும் மேற்பட்ட படங்களைப் பெர்த்திலுள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது.

இந்தத் திரும்புதலில் ஒரு முரண் இருக்கிறது. படங்கள் உயிர்பிழைத்ததற்குக் காரணம் அவை விற்கப்பட்டு வெளியேறியதுதான். ஊரிலேயே கிடந்திருந்தால் பள்ளியோடு சேர்ந்து சிதறியிருக்கவும் கூடும். இந்த வாதத்தை வைத்து 1949ஆம் ஆண்டின் விற்பனையை நியாயப்படுத்துவோரை நான் ஏற்கவில்லை. அன்று படத்துக்கு விலை பேசியவர்கள் எல்லாம் பெரியவர்கள். வரைந்தவன் தன் படத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவுசெய்யும் உரிமையைச் சட்டம் அவனுக்குத் தரவில்லை, அவன் பெற்றோருக்கும் தரவில்லை. லயன்ஸ் சங்கம் 1988இல் தொடங்கி இன்றும் 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காக நடத்திவரும் அமைதிச் சுவரொட்டிப் போட்டியின் விதிகளை இந்தப் பின்னணியில் படிப்பது பயன் தரும். அனுப்பிய படம் சங்கத்துக்கே சொந்தமாகிவிடும் என்று அவற்றில் ஒரு விதி இருக்கிறது.